சுண்ணாம்புக் கையும் தீபாவளி எண்ணெயும்

தீபாவளி நெருங்கினால் இப்போதெல்லாம் பத்திரிகைகளில் தோலைப் பற்றி எழுதுகிறார்கள். முகத்துக்கு என்ன பூசலாம், கைக்கு என்ன தடவலாம் என்று பக்கம் பக்கமாக வருகிறது. என் மகள் அதைப் படித்துவிட்டு அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைப்பாள். அவள் வெளியே போன பிறகு நானும் எடுத்துப் பார்ப்பேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவன் நான். மெதுவாகத்தான் படிப்பேன். அதில் இருப்பதெல்லாம் ஏற்கெனவே நன்றாக இருக்கும் தோலை இன்னும் நன்றாக்குவது எப்படி என்பதுதான். எனக்குத் தெரிந்த பண்டிகைக் காலத்துத் தோல் வேறு. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்து, கூச்சத்தில் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

நான் வெள்ளையடிக்கிறவன். எங்கள் தொழிலுக்குப் பண்டிகைதான் பருவம். சீனப் பெருநாளோ, நோன்புப் பெருநாளோ, தீபாவளியோ, கிறிஸ்மஸோ, யாருடைய பண்டிகையாக இருந்தாலும் அதற்கு முன் சுவர் வெளுக்க வேண்டும். மலாக்காவில் தெங்கேரா பக்கம் ஒரு சீனர் கடையில் சுட்ட சுண்ணாம்புக் கட்டி வாங்கி வந்து, தகர டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவோம். உஸ்ஸென்று கொதித்து ஆவி விடும். அது ஆறிய பிறகு சாக்குத் துணியில் வடிகட்டி, உப்பும் கொஞ்சம் நீலமும் கலந்தால் அடிக்கத் தயார்.

சுண்ணாம்பு கையை உடனே சுடாது. முதலில் கை வழுவழுவென்று இருக்கும். புதிதாக வருகிறவன் அதைப் பார்த்து ஏமாந்து போவான். சாயங்காலம் காய்ந்த பிறகுதான் தோல் இழுக்கும். சில நாட்களில் விரல் மடிப்புகளில் கீறல் விழும். அந்தக் கீறலுக்குள் மறுபடியும் சுண்ணாம்பு போகும். உயரத்தில் அடிக்கும்போது வெள்ளையடிக்கிற நார் மட்டையிலிருந்து வழிவது முழங்கைவரை இறங்கி, அங்கே தோல் மீன் செதில் மாதிரி ஆகிவிடும். இதற்கு எங்களுக்கென்று ஒரு பக்குவம் உண்டு. காலையில் வேலைக்கு முன் கை நிறையத் தேங்காய் எண்ணெய் பூச வேண்டும். சாயங்காலம் லீமாவ் கஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சையைப் பிழிந்து தேய்த்துக் கழுவ வேண்டும். புளிப்பு பட்டால்தான் சுண்ணாம்பு விடும். கீறலில் படும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதற்கு மேல் மெழுகுவர்த்தியைத் தேங்காய் எண்ணெயில் உருக்கிப் பூசிக்கொண்டு தூங்க வேண்டும். அப்புறம் முக்கியமானது, இரண்டு பண்டிகைகளுக்கு நடுவில் கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். தோல் தானாக மூடிக்கொள்ள அந்த இடைவெளிதான் மருந்து.

மெர்டேக்கா, அதாவது மலாயாவின் சுதந்திரம், வந்த வருடம் அந்த இடைவெளி கிடைக்கவில்லை. சுதந்திரத்துக்கு முன்பே மலாக்கா முழுவதும் வெள்ளை கேட்டது. கடைகள், கம்பம் என்கிற கிராமத்து வீடுகள், கோயில் மதில், பள்ளிக்கூட வேலிக் கட்டை, சாலையோரத்துத் தென்னை மரத்தின் அடிப்பகுதிகூட. என்னோடு ஏணி பிடித்த கூட்டாளி என் வயதுக்காரன், வாய் சும்மா இருக்காதவன். அவன் ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு சொல்வான்: “பாருடா, வெள்ளக்காரன் போறான்னு ஊரெல்லாம் வெள்ளையடிக்கச் சொல்றாங்க. அவன் இருந்தப்ப கறுப்பாவே கெடந்துச்சு.” கீழே போகிறவர்கள் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். யாராவது பார்த்துச் சிரித்தாலே எனக்கு மட்டை கை நழுவும்.

அந்த ஆரவாரத்தின் நடுவில்தான் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கில் எல்லோரும் அவளை மெர்டேக்கா பிள்ளை என்று கூப்பிட்டார்கள். எங்களோடு பெரியவர்கள் யாரும் இல்லை. என் பெற்றோர் போய்விட்டார்கள். என் மனைவிக்கு இருந்த ஒரே உறவு அவள் அண்ணன். அவர் புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் கித்தா மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். பேறுகாலத்தில் கூட இருந்து பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு அம்மாதான். அவர் மலாக்கா செட்டிக் குடும்பம். நம்மைப் போலவே கோயிலுக்குப் போவார், திருநீறு பூசுவார், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். அதில் ஓரிரண்டு தமிழ்ச் சொல் கலந்திருக்கும். எல்லோரும் அவரை மக்சிக் என்போம், அத்தை என்பது மாதிரி. நான் விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுவேன். அவர் எங்கள் வீட்டுக்கு வருவதும் போவதும் நான் இல்லாத நேரத்தில். எதிரில் பார்த்தாலும் ஒதுங்கிப் போகிற ஆள் நான். அதனால் அவர் என் வீட்டில் என்னென்ன செய்தார் என்பது எனக்குத் தெரியாது. அது தெரியாமல் போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

மெர்டேக்கா கழிந்து சில நாள் இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். மனைவி அடுப்பில் இருந்தாள்.

“புள்ள சிணுங்குது. கொஞ்சம் தூக்குங்களேன்” என்றாள்.

சேலைத் தொட்டிலை விலக்கினேன். துணியின் நூல் என் விரல் வெடிப்பில் மாட்டிக்கொண்டு இழுத்தது. குழந்தையைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது அவள் கழுத்தைப் பார்த்தேன். மடிப்பு முழுக்கச் சிவப்பாகத் தடித்திருந்தது. அந்தச் சிவப்பின் மேல் வெள்ளையாகப் பொடி, காய்ந்து உதிர்ந்தபடி.

அந்த மாதிரிச் சிவப்பை எனக்குத் தெரியும். உயரத்தில் அடித்துவிட்டுச் சட்டையை மாற்றாமல் இருந்தால் என் கழுத்திலும் அப்படித்தான் வரும். வெள்ளைப் பொடி வேறு. என் வீட்டில் வெள்ளையாக எது கிடந்தாலும் அது சுண்ணாம்புதான். என் தலைமுடியில், பாய் ஓரத்தில், சைக்கிள் பிடியில், கதவுக் கொண்டியில் எங்கும் அது உண்டு. இப்போது அவள் கழுத்திலும் வந்துவிட்டது என்று நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. குழந்தையைத் தொட்டிலில் திரும்பப் போட்டேன்.

“ஏங்க, என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. நீயே தூக்கு.”

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். எனக்குக் கேட்க வரவில்லை. கேட்டால், ஆமாம் உங்கள் கைதான் என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

மறுநாளிலிருந்து நான் வீட்டின் பின்பக்கமாக வந்தேன். குழாயடியில் சட்டையைக் கழற்றி அலசிப் போட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, லீமாவ் கஸ்தூரியைக் கைநிறையத் தேய்த்து, வேறு துணி கட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைவேன். உள்ளே வந்தும் தொட்டிலுக்குப் பக்கத்தில் போக மாட்டேன். கதவருகே நின்று பார்ப்பேன். சில நாட்களில் குழந்தையின் கழுத்து தெளிந்தது. தூரத்திலிருந்தே அது தெரிந்தது. நான் தொடாமல் இருந்ததால்தான் ஆறிவிட்டது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. நினைத்தது சரிதான் என்று ஒரு வகை நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

என் மனைவி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. குழந்தையிடம் பேச ஆரம்பித்தாள். எனக்குக் கேட்கும்படியாக.

“அப்பா வந்துட்டாரு பாருடி. தூரமா நின்னு பாத்துட்டுப் போவாரு. கோயில்ல சாமி பாக்கற மாதிரி.”

வேறொரு நாள்: “நீ ஆம்பளப் புள்ளையா பொறந்திருக்கணும்டி. அப்பாவுக்கு ஏணி புடிக்கவாவது ஆவும்னு தூக்கியிருப்பாரு.”

பெண் என்று அறிந்தபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று அவளுக்குத் தெரியாது. அதையும் நான் சொல்லவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அவள் திரும்பிக்கொள்வாள். நான் சாப்பிடும்போது என் கையைப் பார்க்க மாட்டாள். ரசம் கீறலில் பட்டு நான் முகம் சுளிப்பதையும் பார்க்க மாட்டாள்.

புரட்டாசி முடிகிற சமயம் அவள் நேராகவே கேட்டாள். குழந்தையிடம் இல்லை, என்னிடம்.

“தீபாவளிக்குப் புள்ளைக்கு எண்ணெயாவது வெப்பீங்களா? இல்ல, அதுக்கும் எங்கண்ணனத்தான் கூப்பிடணுமா?”

தீபாவளி விடிகாலையில் வீட்டில் மூத்த ஆண் எல்லோர் தலையிலும் எண்ணெய் வைப்பது எங்கள் வழக்கம். குழந்தைக்கு அது முதல் தீபாவளி. அப்பன் இருக்கும்போது மாமன் வைத்தால் ஊர் என்ன சொல்லும் என்பதைவிட, என் மனைவி மனதில் அது எப்படிப் பதியும் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு என்ன செய்தாலும் அது ஆறாது.

“நாந்தான் வெப்பேன்” என்றேன்.

“பாப்போம்” என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். தீபாவளிக்குள் கை ஆற வேண்டும். ஆனால் தீபாவளிக்கு முந்திய நாட்கள்தான் எங்களுக்கு வேலை அதிகம். மெர்டேக்காவுக்கு அடித்தவர்கள் போக, மற்றவர்கள் எல்லாம் அப்போதுதான் கூப்பிட்டார்கள். காலையில் எண்ணெயை இரண்டு தடவை பூசினேன். பழைய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு அடித்துப் பார்த்தேன். துணி சுண்ணாம்பை உறிஞ்சி, நாளெல்லாம் கையோடு ஒட்டிக்கொண்டு இன்னும் மோசமாக்கியது. மெழுகு எண்ணெயை அள்ளி அப்பிக்கொண்டு படுத்தேன். காலையில் பாயில்தான் மெழுகு இருந்தது.

கூட்டாளி இதைக் கவனித்துவிட்டான்.

“என்னாடா, கைய இப்படிப் பாத்துக்கிட்டே இருக்க? சோசியமா பாக்கற?”

“வெடிப்பு மூடல.”

“எந்த வருசம் மூடிச்சு? புதுசா என்னா?”

அவனே சொன்னான்: “மருதாணி வெச்சுப் பாரு. என் வீட்டுக்காரி காலு வெடிப்புக்கு அதத்தான் வெப்பா. மூடும். ஆனா செவந்துடும், புதுப்பொண்ணு மாதிரி. அப்புறம் நான் ஒன்கூட ஏணியில ஏற மாட்டேன், ஊர்ல தப்பாப் பேசுவாங்க.”

மருதாணிச் செடி மக்சிக் வீட்டு வேலியோரம் செழித்து நின்றது. கேட்டால் கொடுப்பார். நானோ கேட்கக் கூச்சப்பட்டு, தினமும் அந்த வேலியைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தேன்.

பக்கத்து வீடு என்பதால் மக்சிக் வீட்டைக் கடைசியாக வைத்திருந்தேன். தீபாவளிக்கு முதல் நாள் அவர்கள் வீட்டில் முன்னோருக்குப் படையல் வைப்பார்கள். அதனால் முன்பக்கத்தை முந்திய நாளே அடித்து முடித்துவிட்டேன். பின்கட்டுச் சுவர் மட்டும் மிச்சம். படையல் அன்று காலை அதை முடிக்கப் போனேன். கூட்டாளி வரவில்லை, தனியாகத்தான்.

நாங்கள் வருகிறோம் என்றால் வீடுகளில் எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். உலர்த்திய துணி, வடகம், கருவாடு எதுவும் வெளியே இருக்காது. சுண்ணாம்பு தெறித்தால் போகாது என்று எல்லோருக்கும் தெரியும். அன்று படையல் சமையலில் மக்சிக் மறந்துவிட்டார். சுவர் முடிந்து ஏணியை இறக்கிய பிறகுதான் பார்த்தேன். பின்வாசலில் ஒரு முக்காலியின் மேல் பெரிய முறம். அதில் விரித்த துணி முழுக்க வெள்ளைச் சொட்டுகள். சின்னச் சின்னதாக, உச்சி கூராக, வெயிலில் காய்ந்து நின்றன.

என் மட்டை தெறித்திருக்கிறது என்று நினைத்தேன். இவ்வளவு எப்படித் தெறிக்கும் என்று யோசிக்கவில்லை. வரிசை வரிசையாக எந்த மட்டை தெறிக்கும்? அதையும் யோசிக்கவில்லை. உள்ளிருந்து மக்சிக் வந்து பார்ப்பதற்குள் சுத்தம் செய்துவிட வேண்டும் என்ற பதற்றம்தான். ஈரத்துணியை எடுத்துத் துடைத்தேன். காய்ந்த சுண்ணாம்பு அவ்வளவு லேசில் கரையாது. இதுவோ தொட்டவுடன் பால் மாதிரிக் கரைந்தது. பரவாயில்லையே என்று பாதி முறத்தைத் துடைத்துவிட்டேன். அப்போது பலகாரத்தில் போடும் பாண்டான் இலை வாசனை வந்தது. சுண்ணாம்பில் ஏது வாசனை என்று கையை மூக்கருகே கொண்டுபோனேன்.

“அலாமா! தம்பி! என்ன செய்யறே?”

மக்சிக் கரண்டியோடு வாசலில் நின்றார். அவர் பேசியது மலாய். எனக்கு நினைவிருக்கும்படி தமிழில் எழுதுகிறேன்.

“தெறிச்சிருச்சு மக்சிக். தொடச்சிடறேன்.”

“எது தெறிச்சது? அது பெடாக்! பெடாக் செஜோக்! அரிசி ஊறவச்சு, பாண்டான் இலையோட அரைச்சு, ஒவ்வொரு சொட்டா விட்டுக் காயவச்சது. நீ கழுவித் துடைக்கறே!”

பெடாக் செஜோக் எனக்குத் தெரியாததல்ல. குளிர்ச்சிக்குப் பூசும் அரிசி மாவு. மலாக்காவில் அதைப் பூசிய முகத்தைப் பார்க்காமல் ஒரு தெருவைக் கடக்க முடியாது. வெயில் நேரத்தில் பாதிப் பெண்கள் வெள்ளை முகத்தோடுதான் வாசலில் நிற்பார்கள். ஆனால் அதைப் பூசிய முகத்தைத்தான் பார்த்திருக்கிறேனே தவிர, முறத்தில் காய்ந்து பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அது கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். என் மனைவி தோட்டத்திலிருந்து வந்தவள், மஞ்சள்தான் பூசுவாள்.

மக்சிக் முறத்தை எட்டிப் பார்த்துவிட்டு, கோபப்பட முடியாமல் சிரித்துவிட்டார்.

“நல்ல ஆளு நீ. உன் பிள்ளையோட பெடாக்கை நீயே கழுவிட்டே.”

“என் பிள்ளையோடதா?”

“பின்னே யாரோடது? வேர்க்குரு வந்து கழுத்தெல்லாம் சிவந்து கிடந்ததே, மெர்டேக்கா நேரத்துல. நான்தானே கொண்டுவந்து பூசினேன். ஒரு வாரத்துல போச்சு. இப்பவும் வெக்கையா இருந்தா உன் வீட்டுக்காரி மத்தியானம் பூசறா. வீட்டுல புட்டி காலி, தீபாவளிக்குப் புதுசு வேணும்னு கேட்டா. அதுக்குத்தான் இது.”

நான் முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதி முறம் வெறுமையாக இருந்தது. மீதியில் சொட்டுகள் அப்படியே நின்றன. கழுத்தில் பார்த்த பொடியும் இந்தச் சொட்டும் ஒரே வெள்ளை. ஒரே தவற்றை இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை குழந்தையின் கழுத்தில், இரண்டாவது முறை இந்த முறத்தில்.

மக்சிக்கின் பார்வை முறத்திலிருந்து அதைப் பிடித்திருந்த விரல்களுக்கு வந்தது.

“இந்தக் கையோடயா பிள்ளையைத் தூக்கறே?”

“தூக்கறதில்ல மக்சிக்.”

“ஏன்?”

“சுண்ணாம்புன்னு நெனச்சேன். கழுத்துல.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

“ஓ, அதனாலதானா அவ தினமும் என்கிட்ட…” என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கரண்டியைக் கீழே வைத்தார். மீதிச் சொட்டுகளை ஒரு சின்னப் புட்டியில் அள்ளிப் போட்டு என் சட்டைப் பையில் வைத்தார். நான் கேட்காமலே வேலியோரம் போய், மருதாணிக் கொப்பு ஒன்றை இலையோடு முறித்து வந்தார்.

“போ. முதல்ல வாயைத் திற. அப்புறம் கையை நீட்டு.”

வீட்டுக்கு வந்தேன். மனைவி தீபாவளிப் பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். புட்டியை அவள் பக்கத்தில் வைத்தேன். கொப்பைக் கையிலேயே வைத்திருந்தேன்.

“மக்சிக் குடுத்தாங்க.”

“ம்.”

“இத நான் சுண்ணாம்புன்னு நெனச்சிட்டேன்.”

“எத?”

“புள்ள கழுத்துல இருந்தத. அன்னிக்கு. என் கையில இருந்து பட்டிருச்சுன்னு.”

பிசைகிற கை நின்றது.

“அதான் தூக்கலியா?”

“ம்.”

“இத்தன நாளா?”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சிரிப்பாள் என்றும் நினைத்தேன். அதுவும் இல்லை. அவளுக்கு வந்தது கோபம்தான்.

“வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்க முடியாதா உங்களால? பொண்ணு வேணாம்னு நெனக்கிறீங்கன்னு நான் இங்க கெடந்து… அந்தப் புள்ளைகிட்ட என்னென்ன பேசிட்டேன். அதுக்குப் புரிஞ்சிருந்தா என்னாகும்? கொண்டாங்க அத!”

கொப்பைப் பிடுங்கிக்கொண்டாள். இலையை உருவி அம்மியில் போட்டு அரைத்தாள். குழவியின் ஒவ்வொரு இழுப்பும் என்னைத்தான் அரைத்தது. அப்புறம் என்னைச் சுவரோரம் உட்காரவைத்து, இரண்டு உள்ளங்கையிலும், விரல் மடிப்பிலும், மணிக்கட்டிலும் அப்பினாள். மென்மையாக ஒன்றும் இல்லை. கீறலுக்குள் இறங்கும்படி அழுத்தி அழுத்திப் பூசினாள். எரிந்தது. பிறகு குளிர்ந்தது. கடைசிக் கீறல் வரும்போது அவள் அழுத்தம் குறைந்திருந்தது. அதை நான் கவனித்தேன். அவள் கண்ணை நான் பார்க்கவில்லை.

“ராத்திரி வரைக்கும் கைய அசைக்காதீங்க” என்று மட்டும் சொன்னாள்.

வெளிச்சம் மங்கும்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. புக்கிட் ரம்பாயிலிருந்து மச்சான் வந்துவிட்டார். கையில் துணிப்பை, மறுகையில் ஒரு கோழி. உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் இரண்டு கையையும் முட்டிமேல் மல்லாக்க வைத்துக்கொண்டு, பச்சை அப்பலோடு உட்கார்ந்திருந்தேன்.

“என்னா மாப்ள! பொண்ணு பாக்க வர்றாங்களா? யாருக்குப் பேசி முடிச்சிருக்கு?”

“வெடிப்புக்கு மச்சான்.”

“எங்க தோட்டத்துலயும் கையில வெடிப்பு இருக்கு. யாரும் இப்படிச் சிங்காரிச்சு உக்காரல. ஏம்மா, காலுக்கும் வெச்சு விட்டியா? கொலுசு எங்க?”

“சும்மா இருண்ணே” என்றாள் அவள். ஆனால் அன்று முழுவதும் இறுகியிருந்த முகம் அங்கேதான் தளர்ந்தது. சிரிப்பை மறைக்கச் சமையலறைக்குப் போனாள்.

சாப்பாட்டு நேரம் இன்னும் வேடிக்கை. என் கை இரண்டும் வேலைக்கு ஆகாது. அண்ணன் எதிரில் எனக்கு ஊட்ட அவளுக்கு வெட்கம். எனக்கு அதைவிட. தட்டை வைத்துவிட்டு அவள் நின்றாள். கடைசியில், “அண்ணே, அவருக்கு நீயே ஊட்டு” என்றாள். மச்சான் சத்தமாகச் சிரித்துக்கொண்டே இட்டிலியைப் பிட்டுக் கோழிக் குழம்பில் தோய்த்து என் வாயில் திணித்தார். “மெர்டேக்கா கெடைச்ச வருசம் மாப்ளைக்கு மட்டும் கெடைக்கல பாரு” என்றார். எனக்குப் புரையேறியது. தொட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டு கையைக் காலை ஆட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். அன்றுதான் கதவருகே நிற்காமல் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

விடிகாலை எழுந்து கையைக் கழுவிப் பார்த்தேன். உள்ளங்கை செக்கச் செவேலென்று இருந்தது. சின்னக் கீறல்கள் மூடியிருந்தன. பெரியவை மூடவில்லை. அவற்றில் சாயம் அதிகம் இறங்கிக் கருஞ்சிவப்புக் கோடுகளாகத் தெரிந்தன. ஒரே ராத்திரியில் தோல் வளர்ந்துவிடுமா என்ன? சொரசொரப்பு சொரசொரப்பாகவே இருந்தது.

மனைவி நல்லெண்ணெயை மிளகு போட்டுக் காய்ச்சி, ஆறவைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். மச்சான் வாசலில் பறித்த அறுகம்புல்லை ஒரு கொத்தாக நீட்டினார். எண்ணெயில் புல்லைத் தோய்த்து உச்சியில் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

“இந்தா மாப்ள. கை பட வேணாம். புல்லால தொட்டு வெச்சா போதும், புள்ளைக்கும் உறுத்தாது.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். புல்லை வாங்கிக்கொண்டேன். எனக்கு அது பெரிய வழி திறந்த மாதிரி இருந்தது. எண்ணெயும் வைத்ததாகிவிடும், அவள் தோலையும் தொடாமல் இருந்துவிடலாம். என் மனைவி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இவர் என்ன செய்யப் போகிறார் என்று மட்டும் பார்த்தாள்.

என் அப்பா எங்களுக்கு எண்ணெய் வைத்தது நினைவுக்கு வந்தது. அவர் கையும் கித்தா மரத்தில் பால் வெட்டிய கை. புல் பிடித்ததில்லை. உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் அப்பித் தேய்ப்பார். தலை எரியும். எழுந்து ஓடுவோம்.

புல்லைக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தேன். எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினேன். அது முதலில் கருஞ்சிவப்புக் கோடுகளுக்குள் ஓடி நிரம்பியது. பிறகுதான் கையில் பரவியது. அப்படியே கொண்டுபோய்க் குழந்தையின் உச்சியில் வைத்தேன்.

உச்சிக்குழி என் கைக்கடியில் துடித்தது. அவ்வளவு மெல்லிய தோலை நான் அதற்கு முன் தொட்டதே இல்லை. அவள் தலைமுடியில் ஓரிரண்டு இழை என் கட்டைவிரல் வெடிப்பில் மாட்டிக்கொண்டது. அவள் முகத்தைச் சுருக்கினாள். பிறகு வீறிட்டு அழுதாள்.

நான் கையை எடுக்கப் போனேன்.

“எடுக்காதீங்க” என்றாள் என் மனைவி. “எண்ணெ இன்னும் எறங்கல.”

எடுக்கவில்லை. குழந்தை நன்றாக அழுதாள். மச்சான், “மாப்ளைக்கு மருதாணி செவந்தது பத்தல, புள்ள மூஞ்சியயும் செவக்க வெச்சிட்டாரு” என்றார். இடையில் எப்போதோ அழுகை நின்றது. எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. என் கையின் சூட்டுக்குப் பழகியிருப்பாள். எண்ணெய் இறங்கிவிட்டது என்று என் மனைவி சொன்ன பிறகுதான் கையை எடுத்தேன். முடி இழை வெடிப்பிலிருந்து மெதுவாகப் பிரிந்தது.

குளிப்பாட்டி முடித்ததும் அவள் பெடாக்கைத் தண்ணீரில் குழைத்துக் குழந்தையின் கழுத்து மடிப்பில் பூசினாள். விரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. என் முழங்கையை இழுத்து, மீன் செதில் மாதிரி இருந்த இடத்தில் தடவினாள். அது காய்ந்ததும் இன்னொரு முறை தடவினாள். நாங்கள் சுவருக்கு அடிப்பது மாதிரியே இரண்டு பூச்சு.

பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு மக்சிக் வீட்டுக்குப் புறப்பட்டேன். புதுச்சட்டையின் கையை மடித்துவிட்டிருந்தேன். குழந்தை என் தோளில் இருந்தாள். வழியில் கூட்டாளி குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தான். என் முழங்கையிலும் குழந்தையின் கழுத்திலும் இருந்த வெள்ளையைப் பார்த்து நின்றுவிட்டான்.

“அடப்பாவி! தீபாவளி அன்னிக்குமா சுண்ணாம்பு? அந்தப் புள்ள மேல எல்லாம் ஒட்டியிருக்குடா!”

தெருவில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வேறு நாளாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு நடந்திருப்பேன்.

“கிட்ட வந்து மோந்து பாரு” என்றேன்.